வி.ஐ. கட்சித் தலைவரின் பேனர்

— இறங்காத, அங்கேயே நில்லு. அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ சத்தமா படி.

— எதுக்குடி? நான் எழுதினது எனக்குத் தெரியாதா? பேனர் கோணலா இருக்கான்னு மட்டும் சொல்லு ஷைனி. இந்த பிளாஸ்டிக் ஸ்டூல் வேற ஆடுது.

— பேனர் நேராத்தான் இருக்கு. நீதான் கோணல். படிடா ஸைனு.

— படச்சோனே, உன்னோட பெரிய ரோதனை. சரி, கேளு. 'வி.ஐ. கட்சியும் ஈமாக்ஸ் கட்சியும் மோதும் வருடாந்திரப் பட்டிமன்றம். கம்ப்யூட்டரில் எழுத எந்த எடிட்டர் சிறந்தது? நடுவர், குரியாக்கோஸ் மாஷ். இடம், லைப்ரரி ஹால், கோழிக்கோடு. அனைவரும் வருக.' போதுமா?

— அதுக்கப்புறம்?

— அதுக்கப்புறம் ஆணிதான் இருக்கு.

— ஆணிக்கு முன்னாடி. 'வருக'வுக்குக் கீழ, இடது ஓரத்துல பாரு.

— கீழயா? ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு புள்ளி. அப்புறம் ஒரு டபிள்யூ. அப்புறம்... க்யூ.

— கோலன், டபிள்யூ, க்யூ. நல்லா பளபளன்னு, சிவப்பு கலர்ல, உன் தல அளவுக்கு.

— படச்சோனே!

— விழுந்து தொலைக்காத. பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்.

— இது அந்த ஃப்ளெக்ஸ் கடை ஸதீசன் பண்ணின வேலை! நான் அவன...

— ஸதீசனுக்கு கோலன் டபிள்யூ க்யூ தெரியுமா? அவன் பாவம், நீ அனுப்பினத அப்படியே அடிச்சுக் கொடுத்திருக்கான்.

— சரி, கை தவறிடுச்சு. இப்ப என்ன? இது வி.ஐ.-காரனோட விரல். எழுதி முடிச்சதும் தானா போய் அதைத்தான் தட்டும். 'சேமிச்சுட்டு மூடு'ன்னு அர்த்தம். நம்ம ஆளுங்க பார்த்தா கை தட்டுவாங்க. தலைவர்னா இப்படி இருக்கணும்னு பேசிப்பாங்க.

— கை தட்டுவாங்களா? கொஞ்சம் யோசி. வி.ஐ.-ல அத தட்டினா என்ன ஆகும்?

— ஃபைல் சேமிச்சு மூடிக்கும்.

— அந்த எழுத்து ஃபைலுக்குள்ள வருமா?

— வராது.

— வராதில்ல? அது கட்டளை. சொன்ன வேலைய செஞ்சுட்டு காணாம போயிடும். அப்ப இங்க எழுத்தா வந்து உக்காந்திருக்குன்னா, நீ அத எங்க தட்டினே?

— எஸ்கேப் பட்டன அழுத்தினாத்தான் அத கட்டளைன்னு எடுத்துக்கும், அழுத்த மறந்திருப்பேன். எழுதற நிலையிலயே இருந்திருக்கும். அதுக்குப் போய் இவ்வளவு பெரிய விசாரணையா?

— எஸ்கேப் அழுத்தலன்னா சேமிச்சே இருக்காது. சேமிக்காத வரிய ஸதீசனுக்கு எப்படி அனுப்பினே? புறா காலுல கட்டியா?

— ஷைனி, மெதுவா பேசுடி. திரைக்கு அந்தப் பக்கம் ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க.

— அப்ப ஒத்துக்க. இத வி.ஐ.-ல எழுதல. வேற எதுலயோ எழுதிட்டு, பழைய ஞாபகத்துல விரல் போய் தட்டியிருக்கு. வேற எடிட்டர்ல அது வெறும் எழுத்துதான், அப்படியே தங்கிடும். கேட்டியா, வி.ஐ. கட்சித் தலைவர் வி.ஐ.-ல எழுதலங்கறதுக்கு இத விட பெரிய சாட்சி வேணுமா? அதையும் நீயே ஃப்ளெக்ஸ் அடிச்சு, நீயே ஸ்டூல் மேல ஏறி மாட்டியிருக்க!

— அந்த பலூன எடு.

— எந்த பலூன்?

— மேசை மேல இருக்கு பாரு, பச்சை பலூன். அத இந்த மூலையில கட்டினா மறைஞ்சுடும். எடுடி, உனக்கு புண்ணியமா போகும்.

— மொதல்ல வாயத் திற. எதுல எழுதின?

— அந்த... நீல ஐகான் இருக்கில்ல. இப்ப சின்னப் பசங்க எல்லாம் வெச்சிருக்காங்களே. அது.

— என்ட ஈசோயே! அந்த நீலமா? 'இது எடிட்டர் இல்ல, கல்யாண மண்டபம்'னு போன வருஷம் இதே மேடையில மைக் உடையற மாதிரி கத்தினியே, அதுவா?

— அதேதான்.

— எப்பலேர்ந்து?

— புது கம்பெனில சேர்ந்ததுலேர்ந்து. அவங்க ஒரு விண்டோஸ் மெஷின கைல கொடுத்துட்டாங்க. எது போடணும்னாலும் மேல அனுமதி வாங்கணும். அதுல இந்த நீலம் ஒண்ணுதான் இருந்துச்சு. மொத மாசம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. வி.ஐ.-ல கீழ இறங்க ஜே தட்டுவோமில்ல? விரல் கேக்க மாட்டேங்குது. நான் எழுதின எல்லா மெயில்லயும் ஜே ஜே ஜேன்னு வரிசையா நிக்குது. 'யாரு இந்த ஜேஜே, அவருக்கும் நகல் அனுப்பணுமா'ன்னு மேனேஜர் கேட்டாங்க.

— சிரிக்காம இருக்க முடியலடா. மன்னிச்சுடு.

— சிரி, சிரி. அப்புறம் ஒரு நாள் பாதி வார்த்தை தட்டறேன், மீதிய அதுவே எழுதி காட்டுது. சரியா! நான் நினைச்சதையே! அடுத்தவங்க வீட்டு பிரியாணி நல்லா இருந்தா எப்படி இருக்கும்? வெளிய சொல்லவும் முடியல, சாப்பிடாம இருக்கவும் முடியல. அந்த மாதிரி ஆயிடுச்சு.

— உன் பொண்டாட்டி ஷஹனாஸுக்குத் தெரியுமா?

— அவதான் மொதல்ல கண்டுபிடிச்சா. 'என்ன, ராத்திரி வேலை பாக்கறப்ப சத்தமே இல்ல? முன்னாடி எல்லாம் கம்ப்யூட்டர திட்டிக்கிட்டேதானே தட்டுவீங்க? உடம்பு சரியில்லையா?'ன்னு நெத்தியில கை வெச்சுப் பார்த்தா. சொல்லிட்டேன். 'இவ்வளவுதானா? நான் வேற என்னமோன்னு நினைச்சேன்'னுட்டு போயிட்டா.

— பாவம் அவ. சரி, இறங்கு. பலூன் கட்டிக்கலாம். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு என்ன பதில்?

— எந்தச் சட்டம்?

— தெரியாத மாதிரி நடிக்கறத பாரு! நீ போட்ட சட்டம்டா. தன்னோட எடிட்டர கைவிட்டவங்க மேடையேறி எல்லார் முன்னாடியும் சொல்லணும். கட்சித் தொப்பிய கழட்டிக் கொடுத்துட்டு கடைசி பெஞ்சுல போய் உக்காரணும். அப்புறம் ஆயுசுக்கும் பட்டிமன்றத்துல பேசக் கூடாது.

— தெரியும்.

— நம்ம சங்கத்து பிஜோய நோட்பேடோட பிடிச்சப்ப என்ன ஆட்டம் ஆடினே! பாவம், அவன் வீட்டுக் கரண்ட் பில் கணக்கு எழுதிட்டிருந்தான். 'நோட்பேடா? அது எடிட்டரா? அது வெத்திலைக் கடையில சுண்ணாம்பு மடிக்கற காகிதம்'ன்னு கத்தி, அவன் தொப்பிய நீதானே கழட்டினே?

— தெரியும்டி. அதான் பயமா இருக்கு. ஷைனி, நீ சொல்ல மாட்டேல்ல?

— யோசிக்கணும்.

— எதை யோசிக்கணும்?

— என்ன கிடைக்கும்னு.

— இந்தா, உன்னக்காய். ஷஹனாஸ் உனக்குன்னே தனி டப்பால கொடுத்து அனுப்பினா. நேந்திரம்பழத்துக்குள்ள முந்திரி தூக்கலா வெச்சிருக்கா.

— உன்னக்காய் எப்படியும் எனக்குத்தான். அது கணக்குல வராது. ம்... நல்லா இருக்கு. இன்னிக்கு ஈமாக்ஸ் கட்சி ஜெயிக்கணும்.

— என்னது?

— நான் பேசறப்ப நீ குறுக்க பேசக் கூடாது. நான் கேக்கற மொத கேள்விக்கே நீ திணறணும். தொண்டைய செருமணும். தண்ணி கேக்கணும். கடைசில 'ஷைனி சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு'ன்னு சொல்லணும்.

— செத்தாலும் அத சொல்ல மாட்டேன்!

— அப்ப கடைசி பெஞ்ச் காலியாத்தான் இருக்கு. ஃபேன் கூட நேரா மேல இல்ல, வேர்க்கும்.

— இது மிரட்டல்டி.

— ஆமா. மிரட்டல்தான். இத்தன வருஷமா என்னை எவ்வளவு பேசியிருக்க? 'ஈமாக்ஸ் எடிட்டர் இல்ல, ஆனை. கொட்டில் கட்டணும், பனையோலை போடணும்'னு. தோத்துப்போய் உங்க ஆளுங்களுக்கு எல்லாம் நான் சுலைமானி டீ ஊத்தியிருக்கேன். தோத்த தண்டனைக்கு ஒரு மாசம் அந்த வி.ஐ.-ல உக்காந்து அழுதிருக்கேன். உள்ள போனா வெளிய வர வழி தெரியாம மெஷினையே அணைச்சிருக்கேன். இன்னிக்கு எனக்குத் திருவிழா.

— சரி. எங்க திணறணும்னு சொல்லித் தொலை.

— அப்படி வா வழிக்கு. இரு, லேப்டாப்ல என் பேச்சு முழுசும் எழுதி வெச்சிருக்கேன். நீ எந்த எந்த இடத்துல முழிக்கணும்னு குறிச்சே காட்டறேன். பாரு, இந்த மொத பத்தி... இதுக்கு நீ ரெண்டு நிமிஷம் பேசாம நிக்கணும்...

— ஷைனி.

— குறுக்க பேசாத. இந்த ரெண்டாவது...

— ஷைனி, கீழ வரிசையில அது என்ன?

— எது?

— அந்த நீலமா ஒண்ணு.

— எங்க? அது... பேட்டரி.

— மூடாத! கைய எடு! படச்சோனே, கைய எடுடி! இந்த ஜன்னலே அதுதானே! பேச்ச அதுலதானே எழுதியிருக்க!

— கத்தாத! அது ரோய் போட்டது. என் புருஷன்.

— ரோய் பேக்கரி வெச்சிருக்கான்!

— பேக்கரிக்காரன் எடிட்டர் வெச்சுக்கக் கூடாதா?

— உன் லேப்டாப்ல? உன் பேச்சுல? 'ஈமாக்ஸ் என் உயிர்மூச்சு'ன்னு இங்க எழுதியிருக்கே, இந்த வரிய ரோயா எழுதினான், பஃப்ஸுக்கு நடுவுல?

— லேப்டாப்ப இப்படிக் கொடு.

— சொல்லு. இப்ப நீ சொல்லு. எப்பலேர்ந்து?

— சிரிச்சேன்னா ஸ்டூல எடுத்து அடிப்பேன்.

— சிரிக்கல. சத்தியமா.

— இந்தச் சுண்டு விரல பாரு.

— கட்டு போட்டிருக்க. ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்துட்டேன்னு குரூப்ல போட்டிருந்தியே. எல்லாரும் அழற முகம் அனுப்பினாங்களே.

— ஸ்கூட்டரும் இல்ல ஒண்ணும் இல்ல. ஈமாக்ஸ். எதுக்கெடுத்தாலும் கன்ட்ரோல் பட்டன சுண்டு விரலால அழுத்திக்கிட்டே இன்னொண்ண தட்டணுமில்ல? வருஷக்கணக்கா அழுத்தி அழுத்தி விரல் மடங்கவே மாட்டேன்னுடுச்சு. காலைல எழுந்து ரோய்க்கு டீ டம்ளர் எடுத்துக் கொடுக்க முடியல. எலும்பு டாக்டர்கிட்ட போனேன். விரல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, 'ஹார்மோனியம் வாசிப்பீங்களா'ன்னு கேட்டார். 'இல்ல டாக்டர், ஈமாக்ஸ்'னேன். 'அது என்ன வாத்தியம்?'ங்கறார்.

— படச்சோனே, என் வயிறு... வயிறு வலிக்குதுடி...

— சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினே!

— டாக்டர்தான் சிரிக்க வைக்கறார், நான் என்ன பண்ணட்டும்?

— சிரிடா, நல்லா சிரி. 'இனி அந்த வாத்தியத்தத் தொட்டீங்கன்னா ஆபரேஷன்தான்'னுட்டார். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் அழுதேன். நிஜமாவே அழுதேன். அப்புறம் இந்த நீலத்தப் போட்டேன். சும்மா பாக்கலாம்னு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன அப்புறம்? நல்லாத்தான் இருக்கு, சனியன்.

— நல்லா இருக்கில்ல?

— மீதிய அதுவே எழுதுதுடா. தப்பு இருந்தா கீழ சிவப்புக் கோடு போடுது.

— அந்த ஓரத்துல சின்னதா முழு ஃபைலும் தெரியுமே, பார்த்தியா?

— அத பாக்காம இருப்பேனா! கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கும். ஒரே வார்த்தைய எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துல மாத்தறது?

— ஐயோ, அது! மொத தடவ பண்ணினப்ப எனக்குப் புல்லரிச்சுடுச்சு.

— எனக்கும்டா! யார்கிட்டயாவது சொல்லணும்னு துடிச்சேன். ரோய்கிட்ட சொன்னா 'ஓஹோ'ங்கறான். உன்கிட்ட சொல்லணும்னுதான் தோணிச்சு. உன்கிட்ட எப்படி சொல்றது?

— நானும் அதேதான்டி நினைச்சேன். போன் எடுத்து உன் நம்பர் வரைக்கும் போயிட்டு வெச்சுட்டேன். வெள்ளைப் பின்னணில அந்த கலர் எழுத்தெல்லாம் எவ்வளவு...

— வெள்ளையா?

— ஆமா. ஏன்?

— வெள்ளைப் பின்னணியா வெச்சிருக்க? நீ மனுஷனா, பரோட்டாக் கடை டியூப் லைட்டா? கண்ணு என்ன ஆகும்? கறுப்புலதான்டா வைக்கணும்.

— கறுப்புல உக்காந்து எழுத நான் என்ன சினிமா ஆபரேட்டரா? சரி, விடு. நீ எதுல ஓட்டற? மேக்லயா?

— மேக்கா? என் ஜென்மத்துல நடக்காது. லினக்ஸ்தான். எடிட்டர் போனாலும் நான் லினக்ஸ விடல. நீ ஆபீஸ்ல விண்டோஸ், வீட்ல லினக்ஸ், அப்படித்தானே?

— வீட்லயும்...

— வீட்லயும்?

— வீட்லயும் விண்டோஸ்தான். ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி இருந்தா சுலபமா இருக்கேன்னு...

— ஸைனுதீன்! அப்ப அது நீதானா?

— எது?

— போன மாசம் இந்த லைப்ரரிக்கு புத்தகம் தேடற புரோகிராம் எழுதி அனுப்பினியே. இங்க லினக்ஸ் மெஷின்ல ஓடவே மாட்டேன்னு அடம் பிடிச்சுதே. லைப்ரரிய பாத்துக்கற குரியாக்கோஸ் மாஷ் போன் பண்ணி, 'மோளே, எழுத்தெல்லாம் சரியா இருக்கு, ஆனா அப்படி ஒரு ஃபைலே இல்லங்குதே, பேய் கீய் பிடிச்சிருக்கா'ன்னு அழாத குறையா கேட்டார். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து பார்த்தேன். ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாம ஒரு குறி கூடுதலா ஒட்டிக்கிட்டிருக்கு! விண்டோஸ்காரன் வரிய முடிக்க ரெண்டு குறி போடுவான், லினக்ஸுக்கு ஒண்ணுதான். அந்தக் கூடுதல் குறியப் பார்த்துத்தான் மெஷின் முழிச்சிருக்கு.

— அது... கீழ ஓரத்துல மாத்தற வசதி இருக்கு. மறந்துட்டேன்.

— மறந்துட்டியா! என் மாமியார் அன்னிக்கு அப்பத்துக்கு மாவு கரைச்சு வெச்சுட்டு கூப்பிட்டுட்டே இருந்தாங்க. 'தட்டறதுக்கு ஒரு மெஷின், அதுக்கு ஒரு சங்கம், அதுக்கு ஒரு சண்டை, நாலு பேர் சாப்பிட வேணாமா'ன்னு. நான் சர்வர திட்டினேன், லைப்ரரிய திட்டினேன், கரண்ட்ட திட்டினேன். எல்லாம் உன் விண்டோஸ்!

— உன் லினக்ஸுக்கு ஒரு குறி கூட இருந்தா தாங்காதா? அவ்வளவு மென்மையா?

— அதுக்குப் பேரு ஒழுக்கம்!

— பிடிவாதம்!

— எடிட்டர் மாத்தினத மன்னிச்சேன். விண்டோஸுக்குப் போனத என் கல்லறை வரைக்கும் மன்னிக்க மாட்டேன்!

— உன் மன்னிப்ப யாரு கேட்டா? விரல் வலின்னு சாக்கு சொல்லி ஓடிப்போனவ நீ!

— சாக்கா? டாக்டர் சீட்டு காட்டட்டுமா?

— காட்டு!

— இரு, பையிலதான்...

— ஏன் நிறுத்திட்ட?

— சத்தம் கேக்குதா? நாற்காலி இழுக்கறாங்க. ஹால் நிறையுது.

— ஆமா.

— ஸைனு, இப்ப எப்படிடா மேடையேறறது? நீ வி.ஐ.-யும் இல்ல, நான் ஈமாக்ஸும் இல்ல. ரெண்டு பேரும் ஒரே நீலத்த வெச்சுக்கிட்டு, எதுக்காக கத்தப் போறோம்?

— வழக்கம் போல கத்திட்டு இறங்கிடலாம். நான் யார்கிட்டயும் சொல்லல, நீயும் சொல்லாத.

— ஒரு வாரமா ராத்திரி ராத்திரி ஒத்திகை பார்த்தேன். 'ஈமாக்ஸ் என் உயிர்மூச்சு'ன்னு சொல்றப்ப எனக்கே நம்ப முடியல. பொய்யா சண்டை போட எனக்கு வராதுடா. உன்கிட்ட மட்டும் வரவே வராது.

— அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஒத்துக்கலாம். தொப்பிய கழட்டி வெச்சுட்டு, ஒண்ணா கடைசி பெஞ்சுல போய் உக்காரலாம். உன்னக்காய் சாப்பிட்டுக்கிட்டே வேடிக்கை பாக்கலாம்.

— அப்புறம் வேடிக்கை எங்க இருக்கும்? ரெண்டு தலைவர்களும் போயிட்டா அடுத்த வருஷம் யாரு பேனர் மாட்டுவா? சங்கம் இதோட முடிஞ்சுது. கேட்டியா, வருஷத்துக்கு ஒரு நாள்தான்டா. எர்ணாகுளத்துலேர்ந்து காலைல ரயிலேறி, சாப்பிடாம கூட ஓடி வர்றேன். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் 'சரி சார், ஆகட்டும் மேடம்'தான். வீட்லயும் எல்லாத்துக்கும் சரிதான். இங்க வந்துதான் நான் வாய் விட்டு கத்தறேன். காலேஜ்ல லேப்ல உக்காந்து கத்தினோமே, அதே மாதிரி. இது போச்சுன்னா நான் உன்னைப் பாக்க மாட்டேன், நீயும் என்னைப் பாக்க மாட்ட. பிறந்த நாளுக்கு போன்ல ஒரு கேக் படம் அனுப்பிப்போம். அவ்வளவுதான்.

— அழறியா?

— விரல் வலிக்குது.

— சரி, நான் சொல்றத கேளு. நான் மட்டும் இறங்கிக்கறேன். நீ இரு.

— நீ என்ன பெரிய தியாகியா?

— நான் விண்டோஸுக்கே போயிட்டேன், எனக்கு இனி என்ன மரியாதை? நீ லினக்ஸாவது வெச்சிருக்க. விரல் சரியானா திரும்பவும் ஈமாக்ஸுக்கு வந்துடுவ. உன் தொப்பி உன் தலைலயே இருக்கட்டும். எனக்குப் பதிலா எங்க கட்சி முனீர் பேசட்டும்.

— முனீரா? அவனுக்குக் கோபமே வராது. நான் 'வி.ஐ. ஒழிக'ன்னு சொன்னா 'சரி சேச்சி'ம்பான். அவன்கூட எல்லாம் என்னால சண்டை போட முடியாது. நீ இல்லன்னா நானும் இல்ல. தீர்ந்துச்சு.

— அடம் பிடிக்காதடி.

— யாரு அடம்? நீதான்...

— அதாவது, மக்களே, உள்ள வரலாமா? கதவு தட்டினா யாருக்கும் காது கேக்கற மாதிரி தெரியல.

— வாங்க குரியாக்கோஸ் மாஷே. மன்னிக்கணும்.

— அதாவது, எதுக்கு மன்னிப்பு? உங்க ரெண்டு பேர் சத்தமும் திரையத் தாண்டி வெளிய வருது. என்ன பேசறீங்கன்னு ஒண்ணும் புரியல, சண்டைன்னு மட்டும் தெரியுது. ஹால்ல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். 'ஆரம்பிச்சுட்டாங்க, ஆரம்பிச்சுட்டாங்க'ன்னு ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கறாங்க. வடகரை, தாமரசேரியிலேர்ந்து எல்லாம் வந்திருக்காங்க. பச்சைத் தொப்பி ஒரு பக்கம், ஊதாத் தொப்பி ஒரு பக்கம். திரைய தூக்கிடலாமா?

— வேணாம் மாஷே! கொஞ்சம் அந்தக் கதவ சாத்துங்க.

— ஏன் மோனே, முகம் இப்படி வெளுத்திருக்கு? உன் தொப்பி எங்க?

— இந்தாங்க. இத நீங்களே வெச்சுக்கோங்க.

— ஸைனு, நில்லுடா, சொல்லாத...

— சொல்லிடறேன் ஷைனி. என்னால முடியல. மாஷே, நான் வி.ஐ.-ய கைவிட்டுட்டேன். அந்த நீலத்துக்கு மாறிட்டேன். விண்டோஸ்ல.

— வீட்லயும் விண்டோஸ்தான் மாஷே. அதையும் சொல்லச் சொல்லுங்க.

— சும்மா இருடி!

— நானும்தான் மாஷே. ஈமாக்ஸ விட்டுட்டேன். ஸ்கூட்டர்லேர்ந்து நான் விழவே இல்ல. இந்தாங்க, என் தொப்பியும்.

— அதாவது... ரெண்டு பேருமா?

— ரெண்டு பேரும்தான். எனக்குக் காய்ச்சல், இவளுக்கு விரல் வலின்னு சொல்லி இன்னிக்கு எங்கள எப்படியாவது விட்டுடுங்க. சிரிக்காதீங்க மாஷே! உங்க கையப் பிடிச்சுக் கேக்கறேன். என்ன வேணா சொல்லுங்க, நிஜத்த மட்டும் ஹால்ல இருக்கறவங்ககிட்ட சொல்லிடாதீங்க. முனீர் இருக்கான், சுல்ஃபத் டீச்சர் இருக்காங்க, வடகரைலேர்ந்து அந்தப் பெரியவர் வர்றார். என்னையும் இவளையும் நம்பித்தான் அவங்க எல்லாம் விடாம பிடிச்சுக்கிட்டிருக்காங்க. தெரிஞ்சா அவங்க மனசு உடைஞ்சு போயிடும் மாஷே.

— அதாவது, மோனே, மொதல்ல கைய விடு, ஏற்கனவே வீங்கிப் போயிருக்கு. ஒரு வாரமா இதே கையப் பிடிச்சுக்கிட்டு, 'மாஷே, நான் அந்த நீலத்துக்கு மாறிட்டேன், ஸைனுவுக்கும் ஷைனிக்கும் மட்டும் தெரிய வேணாம், அவங்க மனசு உடைஞ்சு போயிடும்'னு அழாத ஆளு அந்த ஹால்ல ஒருத்தர்கூட இல்ல.